வயலின் ஊடே ஒரு வழி

நுழையும்முன்

வழி எல்லார்க்கும் பொது. வயல் ஒருவருக்கு உரியது. வயலின் நடுவே வழி செல்லும்போது அவ்விரண்டு உரிமைகளும் எவ்வாறு ஒத்துப்போவது? இங்கிலாந்தின் ஊர்ப்புறங்களில் நடந்து செல்வோர்க்கென அமைந்த வயல்வழிகளில் மிதிவண்டியையும் செல்லவிட வேண்டும் என்னும் கோரிக்கை நெடுநாளாக எழுந்து வருகிறது. உழவர் பலர் அதனை ஏற்கத் தயங்குகின்றனர். இரு தரப்பிலும் நியாயம் இருக்கும் ஒரு வழக்கை எவ்வாறு எடைபோட்டு முடிவுக்கு வருவது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழில் பாதையைக் குறிக்கும் சொற்கள் பல. வழி, ஆறு, நெறி, அதர், தடம் என அவை நீளும். அவற்றுள் நெறி என்னும் சொல் கால் நடக்கும் பாதையையும் மனிதர் கடைப்பிடிக்கும் ஒழுக்கத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. ஆறு என்னும் சொல்லுக்கும் அவ்விரு பொருள்களும் உண்டு. பாதையில் செல்லும் உரிமையைப் பற்றிப் பேசும்போது செல்லும் முறையைப் பற்றியும் பேசியாக வேண்டும் என்பதை நம் மொழியே நமக்கு நினைவூட்டுகிறது. உரிமை பெரிதா, முறை பெரிதா என்னும் கேள்வியோடு இங்கிலாந்தின் வயல்வெளிகளில் ஒரு வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. அது தொலைவில் உள்ள நாட்டின் வழக்காயினும், மிதிவண்டியேறிப் பள்ளிக்குச் செல்லும் நமக்கும் அதிலிருந்து கற்க வேண்டியவை உள்ளன.

வயல்வழிகள் தோன்றிய வரலாறு

இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொதுவழிகள் உள்ளன. அவற்றுள் மிகப் பல தனியார் நிலங்களின் ஊடே செல்கின்றன. கோதுமை வயலின் நடுவிலும், ஆடுகள் மேயும் புல்வெளியின் ஓரத்திலும், சில இடங்களில் பண்ணைவீட்டின் முற்றத்திலும்கூட அவை நுழைந்து வெளியேறும். நிலம் உழவருக்கு உரியது; அதன்மேல் நடந்து செல்லும் உரிமை மக்கள் அனைவருக்கும் உரியது. நிலம் கைமாறினாலும் அவ்வுரிமை மாறுவதில்லை. வழியை அடைத்து வேலியிடவோ, தம் விருப்பம்போல் வேறு திசைக்குத் திருப்பிவிடவோ நில உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை.

இவ்வழிகளுள் பெரும்பாலானவை எந்த அரசும் திட்டமிட்டு அமைத்தவையல்ல. வேலையாள் பண்ணைக்குச் சென்ற வழி, தானியம் அரைக்க ஆலைக்குச் சென்ற வழி, தேவாலயத்துக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் மக்கள் நடந்த வழி எனத் தலைமுறை தலைமுறையாகக் கால்கள் பதிந்து பதிந்து உருவானவை அவை. பொதுமக்கள் ஒரு வழியை 20 ஆண்டுகள் தடையின்றி, எவரிடமும் அனுமதி கேளாமல், வெளிப்படையாகப் பயன்படுத்தி வந்தால் அது பொதுவழியாகக் கருதப்படும் என்னும் கோட்பாட்டை அந்நாட்டுச் சட்டம் ஏற்றுள்ளது. நடப்பதே உரிமைக்குச் சான்றாகிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வழிகளை எழுத்தில் பதிவுசெய்யும் பணி தொடங்கியது. 1949ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, தத்தம் எல்லைக்குள் உள்ள பொதுவழிகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் குறிக்குமாறு மாவட்ட மன்றங்களைப் பணித்தது. ஊர் ஊராகச் சென்று, முதியோரைக் கேட்டு, பழைய ஆவணங்களைப் பார்த்து அவ்வரைபடங்கள் உருவாயின. எந்த வழியில் எவர் செல்லலாம் என்பதற்கு இன்றுவரை அவ்வரைபடமே முடிவான சான்று. இன்று நாம் ஆராயும் சிக்கலின் வேரும் அவ்வரைபடத்தில்தான் இருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

இங்கிலாந்தின் பொதுவழிகள் நான்கு வகைப்படும்.

நடைவழி: நடந்து செல்வோருக்கு மட்டும் உரியது.

குதிரைவழி: நடப்போர், குதிரையேறிச் செல்வோர், மிதிவண்டியர் ஆகியோருக்கு உரியது.

விசைவண்டிகள் விலக்கப்பட்ட வழி: மேற்கூறியோருடன் குதிரை பூட்டிய வண்டிகளும் செல்லலாம், விசையால் இயங்கும் வண்டிகள் செல்லலாகாது.

எல்லா வண்டிகளுக்கும் உரிய வழி: விசைவண்டிகள் உள்ளிட்ட அனைத்தும் செல்லலாம்.

மிதிவண்டிக்குக் கிடைத்த இடம்

1949ஆம் ஆண்டுச் சட்டம் மிதிவண்டியைப் பற்றி அக்கறை கொள்ளவில்லை. 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டமே குதிரைவழிகளில் மிதிவண்டி செல்லலாம் என இசைந்தது. அவ்விசைவிலும் ஒரு நிபந்தனை உண்டு. மிதிவண்டியர் நடப்போருக்கும் குதிரையில் வருவோருக்கும் வழிவிட வேண்டும். உரிமையை வழங்கிய அதே பிரிவு முறைமையையும் சேர்த்தே வழங்கியிருப்பது கருதத்தக்கது.

நடைவழிகள் அவ்வாறு திறக்கப்படவில்லை. பொதுவழிகளின் நீளத்தில் மிகப் பெரும்பகுதி நடைவழிகளே ஆதலால், மிதிவண்டியர்க்குக் கிடைத்திருப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. நடைவழியில் மிதிவண்டி ஓட்டுவது பொதுவாகக் குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. நில உரிமையாளருக்கு எதிரான அத்துமீறலாகவே கருதப்படுகிறது. காவலர் வந்து பிடித்துச் செல்வதில்லை. உரிமையாளர் வெளியேறச் சொல்லலாம். சேதம் விளைந்தால் இழப்பீடு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். அவரே இசைந்து அனுமதி அளித்தால் மிதிவண்டியில் செல்வதற்குத் தடையும் இல்லை.

மிதிவண்டியர் தரப்பு

மிதிவண்டியரின் முறையீட்டை எளிதில் புறந்தள்ள முடியாது. இங்கிலாந்தின் ஊர்ப்புறச் சாலைகள் பல குறுகியவை. இருபுறமும் உயர்ந்த புதர்வேலிகள் சூழ்ந்தவை. வளைவுக்கு அப்பால் வருவது தெரியாதவை. எனினும் அவற்றுள் பலவற்றில் மகிழுந்துகள் மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 96 கிலோமீட்டர் வேகம்வரை செல்லச் சட்டம் இடந்தருகிறது. அத்தகைய சாலையில் பள்ளிச் சிறுமி ஒருத்தி மிதிவண்டியில் செல்வதை எந்தப் பெற்றோர் அச்சமின்றிப் பார்த்திருப்பர்? வேலிக்கு அப்பால், வயலின் ஊடே, அடுத்த ஊருக்கு நேராகச் செல்லும் வழி ஒன்று கண்ணெதிரே கிடக்கிறது. அதில் நடக்கலாம், மிதிவண்டியில் செல்லலாகாது. சட்டம் அவளை ஆபத்தான சாலைக்குத் திருப்பி அனுப்புகிறது.

அவர்களின் இரண்டாம் வாதம் இன்னும் கூர்மையானது. நடைவழி, குதிரைவழி என்னும் பாகுபாடு நிலத்தின் தன்மையைப் பார்த்துச் செய்யப்பட்டதன்று. வரைபடம் தயாரித்த காலத்தில் அவ்வழியில் எவர் சென்றதாக ஊரார் கூறினரோ, அதன்படி செய்யப்பட்டது. ஒவ்வோர் ஊரும் தன் கணக்கைத் தனித்தனியே எடுத்ததால், ஓர் ஊரில் குதிரைவழியாக இருக்கும் பாதை, அடுத்த ஊரின் எல்லையைத் தொட்டவுடன் நடைவழியாக மாறிவிடும் விந்தையும் நேர்ந்துள்ளது. மண் அதே மண். அகலம் அதே அகலம். உழுவையும் சுமையேற்றிய வண்டியும் நாள்தோறும் செல்லும் கெட்டியான பண்ணைச் சாலையே வரைபடத்தில் நடைவழி எனக் குறிக்கப்பட்டிருக்கும் இடங்களும் உண்டு. பல டன் எடையுள்ள எந்திரம் செல்லும் தடத்தில் பதினைந்து கிலோ எடையுள்ள மிதிவண்டி செல்லலாகாது என்பதற்கு மண்ணைக் காட்டிக் காரணம் சொல்ல இயலாது.

உழவர் தரப்பு

உழவரின் தயக்கத்துக்கும் ஆழமான காரணங்கள் உள்ளன. வழிப்போக்கருக்கு வயல் ஒரு காட்சி. உழவருக்கு அது பணியிடம். தொழிற்சாலையின் நடுவே பொதுவழி ஒன்று சென்றால் அதன் உரிமையாளர் எத்தகைய கவலை கொள்வாரோ, அதே கவலை உழவருக்கும் உண்டு. அவருடைய பணியிடத்துக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை.

பொதுவழிக்காக அவர் ஏற்கெனவே சுமக்கும் கடமைகள் பல. வயலின் குறுக்கே செல்லும் நடைவழியைத் தவிர்த்து உழுவது எளிதன்று என்னும் நிலையில், அதனை உழச் சட்டம் இடந்தருகிறது. ஆனால், விதைப்புக்கான முதல் உழவு நடந்த 14 நாள்களுக்குள் அவ்வழியை மீண்டும் நடக்கத்தக்கதாகச் சமன்செய்து, வழி எங்கே செல்கிறது எனத் தெரியுமாறு குறித்துவைக்க வேண்டும். அதன் பின்னர்ச் செய்யும் பணிகளால் வழி குலைந்தால் 24 மணி நேரத்துக்குள் சீராக்க வேண்டும். வயலின் ஓரமாகச் செல்லும் வழியை உழவே கூடாது. பயிர் வளர்ந்து வழியை மூடினால் அதனை வெட்டி விலக்குவதும் அவர் பொறுப்பு.

இக்கடமைகளின் அளவிலேயே ஒரு செய்தி அடங்கியுள்ளது. வயலின் குறுக்கே செல்லும் நடைவழி, அதன் அகலம் பதிவாகாத இடத்தில், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குச் சீராக்கப்பட வேண்டும். குதிரைவழியாயின் இரண்டு மீட்டர். ஒரு மீட்டர் என்பது ஒருவர் நடந்து செல்லவும், எதிரே வருபவருக்குத் தோளைத் திருப்பி வழிவிடவும் போதுமான அகலம். அவ்வழியில் மிதிவண்டி ஒன்று எதிரே வந்தால் இருவருள் ஒருவர் பயிருக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். நாளுக்கு இருபது முறை அவ்வாறு நேர்ந்தால் ஒரு மீட்டர் வழி விரிந்துகொண்டே போகும். விரிந்த நிலத்தில் அவ்வாண்டு விளைச்சல் இராது.

ஈரமண்ணின் இயல்பையும் கருத வேண்டும். காய்ந்த தரையில் கால் நடப்பதற்கும் சக்கரம் உருள்வதற்கும் பெரிய வேறுபாடு இராது. மழை பெய்து களிமண் இளகிய காலத்தில் நிலை வேறு. காலடி தனித்தனிக் குழிகளைப் பதிக்கும். சக்கரமோ தொடர்ச்சியான ஒரு கோட்டைக் கீறும். சரிவான நிலத்தில் அக்கோடு நீரோடும் கால்வாயாகி மேல்மண்ணை அரித்துச் செல்லும். சேற்றைத் தவிர்க்க அடுத்து வருபவர் சற்று விலகிச் செல்வார். அவருக்குப் பின் வருபவர் இன்னும் விலகுவார்.

கால்நடைகளின் நிலையும் எண்ணத்தக்கது. நடந்து வருபவரைக் கால்நடைகள் தொலைவிலேயே கண்டு மெல்ல விலகும். ஓசையின்றி விரைந்து வரும் மிதிவண்டி அவற்றை மிரட்டும். இளவேனில் தொடக்கத்தில் ஆடுகள் குட்டியீனும் பருவத்தில் அவை சிதறி ஓடினால் தாயும் குட்டியும் பிரிந்துபோகும். கன்றுடன் நிற்கும் பசு மிரண்டால் வருபவர் உயிருக்கே ஊறு நேரலாம். திறந்த வாயிற்கதவை மூடாமல் ஒருவர் விரைந்து போய்விட்டால் மந்தை முழுவதும் சாலைக்கு வந்துவிடும். பல நடைவழிகளில் வேலியைத் தாண்ட, ஏறி இறங்கும் மரப்படிகளே உள்ளன. மிதிவண்டியைத் தூக்கி அப்பால் போடும்போது வேலிக்கம்பியும் படியும் சிதைவதுண்டு. அதனைச் சீராக்கும் வேலை அடுத்த நாள் உழவரைத் தேடி வரும்.

இவற்றையெல்லாம் மிகையான அச்சம் எனக் கருதுவோர் 2001ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டில் கோமாரி நோய் பிரித்தானியாவைத் தாக்கியது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. சேற்றின் வழியாகவும் நோய் பரவும் என்பதால் நாடெங்கும் வயல்வழிகள் மூடப்பட்டன. உழவரின் அச்சத்துக்கு அடிப்படை உண்டு என்பதை அந்நாள்கள் காட்டின. அதே நாள்கள் மற்றோர் உண்மையையும் காட்டின. வழிகள் மூடப்பட்டதும் வெளியூரார் வருகை நின்றது. ஊர்ப்புறத்து விடுதிகளும் உணவகங்களும் கடைகளும் வருவாயின்றித் தவித்தன. வழியும் வயலும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதை அந்நாட்டினர் துன்பத்தின் வாயிலாக உணர்ந்தனர்.

நடப்போர் தரப்பு

இவ்வழக்கில் பெரும்பாலும் மறக்கப்படும் மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு. அது நடந்து செல்வோர் தரப்பு. இன்று அவர்கள் உரிமையோடு நடக்கும் பாதைகள் எளிதாகக் கிடைத்தவையல்ல. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், டார்பிசயர் பகுதியிலுள்ள கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தில் சில நூறு தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினர். வேட்டைப் பறவைகளுக்காகச் செல்வர்கள் அடைத்து வைத்திருந்த நிலம் அது. ஆலைகளில் வாரம் முழுவதும் உழைத்தோர் ஞாயிற்றுக்கிழமையில் திறந்தவெளியில் நடக்கும் உரிமையைக் கோரினர். ஐவர் சிறை சென்றனர். அவர்களுள் ஒருவரான பென்னி ராத்மன் அப்போது இருபது வயது இளைஞர். தொடர்வண்டி நிலையத்தில் காவலர் காத்திருப்பர் என்பதால் அவர் மான்செஸ்டரிலிருந்து அவ்விடத்துக்கு மிதிவண்டியில் வந்து சேர்ந்தார் என்பது இவ்வழக்கோடு சேர்த்து எண்ணத்தக்க செய்தி.

மலையும் மேட்டுநிலமும் புதர்வெளியுமாகிய நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்து, வேல்சு மக்களுக்குக் கிடைத்தது. கிண்டர் நிகழ்வுக்கும் அதற்கும் இடையே 68 ஆண்டுகள். எனினும் கிண்டர் மேட்டுநிலத்தையும் கோதுமை வயலையும் ஒன்றாகக் கருதலாகாது. முன்னது சிலருடைய பொழுதுபோக்குக்காக அடைக்கப்பட்ட வெளி. பின்னது உணவு விளையும் இடம். முன்னதற்குப் பொருந்திய வாதம் பின்னதற்கு அப்படியே பொருந்தாது.

நடைவழியில் செல்வோருள் முதியோர் உள்ளனர். சிறு குழந்தைகள் உள்ளனர். காது கேளாதோர் உள்ளனர். பின்னால் வருவது என்ன என்னும் அச்சமின்றி நடக்கக்கூடிய இடங்கள் அவர்களுக்கு மிகச் சிலவே எஞ்சியுள்ளன. மகிழுந்துக்கு அஞ்சி மிதிவண்டியர் சாலையை விட்டு வருகின்றனர். மிதிவண்டிக்கு அஞ்சி முதியவர் எங்கே செல்வார்? வலியோரிடமிருந்து தப்பி வருபவர் தம்மினும் மெலியாரிடம் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதே அவருடைய கோரிக்கையின் தகுதியை உரைத்துப் பார்க்கும் கல்.

ஸ்காட்லாந்து காட்டும் முறை

இங்கிலாந்தின் வடக்கே ஸ்காட்லாந்தில் வேறொரு முறை நிலவுகிறது. அங்கு 2003ஆம் ஆண்டில் நிலச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. நடப்போர், குதிரையேறுவோர், மிதிவண்டியர் என விசைவண்டியின்றிச் செல்லும் அனைவருக்கும் நாட்டின் பெரும்பாலான நிலங்களிலும் நீர்நிலைகளிலும் செல்லும் உரிமையை அச்சட்டம் வழங்கியது. எந்த வழி எந்த வகை என்னும் வரைபடக் கணக்குக்கு அங்கு முதன்மை இல்லை.

ஆனால் அவ்வுரிமை வரம்பற்றதன்று. பொறுப்போடு செல்வோருக்கே அது உண்டு. பிறர்க்குத் தீங்கிழைப்போர் அதனை இழப்பர். விதைத்த நிலத்திலும் பயிர் வளரும் நிலத்திலும் அவ்வுரிமை செல்லாது. பயிரற்ற வயலோரங்களில் செல்லலாம். பொறுப்பு என்பது என்ன என்பதை எல்லார்க்கும் விளங்கும் மொழியில் எடுத்துரைக்கும் நடைமுறைக் கையேடு ஒன்றும் வெளியிடப்பட்டுள்ளது. நில உரிமையாளரும் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என அது வலியுறுத்துகிறது. இங்கிலாந்தின் சட்டம் வருபவர் எதில் வருகிறார் எனக் கேட்கிறது. ஸ்காட்லாந்தின் சட்டம் வருபவர் எவ்வாறு நடந்துகொள்கிறார், அவர் காலடியில் என்ன விளைகிறது எனக் கேட்கிறது.

எது தகும்?

இனி நம் கருத்தைக் கூறலாம். நடைவழிகள் அனைத்தையும் ஒரே ஆணையால் மிதிவண்டிக்குத் திறந்துவிடுவது உழவருக்கு இழைக்கும் அநீதி. அனைத்தையும் என்றென்றும் மூடியே வைப்பது அறிவுக்குப் பொருந்தாத பிடிவாதம். ஒரு வழியில் மிதிவண்டி செல்லலாமா என்பதை எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பெயர் முடிவுசெய்யக் கூடாது. அவ்வழி கிடக்கும் நிலமே அதனை முடிவுசெய்ய வேண்டும்.

நிலத்தை அளவுகோலாகக் கொண்டால் விடை தெளிவாகிறது. பயிரின் குறுக்கே ஒரு மீட்டர் அகலத்தில் செல்லும் வழி நடப்போருக்கு மட்டும் உரியதாகவே இருக்கட்டும். ஆடுமாடுகள் குட்டியும் கன்றும் ஈன்று நிற்கும் புல்வெளியும் அவ்வாறே. உழுவையும் சுமைவண்டியும் செல்லும் கெட்டியான பண்ணைச் சாலை, வரைபடத்தில் எப்பெயரில் இருந்தாலும், மிதிவண்டிக்குத் திறக்கப்படட்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வயலோர வழிகளில் கோடையில் இசைவும் மழைக்காலத்தில் தடையும் எனப் பருவத்துக்கேற்ப முறை வகுக்கலாம். எங்கும் முதலுரிமை நடப்பவருக்கே. அவரைக் கண்டதும் மிதிவண்டியர் வேகம் குறைத்து, குரல்கொடுத்து, வழி குறுகிய இடத்தில் இறங்கி நிற்க வேண்டும்.

உழவரின் இசைவு இதில் எவ்வளவு வேண்டும் என்பது கடினமான கேள்வி. 1984ஆம் ஆண்டின் மிதிவண்டித் தடச் சட்டத்தின்படி, நடைவழி ஒன்றை மிதிவண்டித் தடமாக மாற்ற உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவ்வழி வேளாண் நிலத்தின் ஊடே சென்றால், அந்நிலத்தில் உரிமையுள்ள ஒவ்வொருவரும் எழுத்தில் இசைவு தந்தாக வேண்டும். ஒருவர் மறுத்தாலும் மாற்றம் நிகழாது. பயிர்நிலத்தைப் பொறுத்தவரை இப்பாதுகாப்பு தேவையானதே. ஏற்கெனவே வண்டிகள் ஓடும் பண்ணைச் சாலைக்கும் அதே அளவு தடை வேண்டுமா என்பது மறு ஆய்வுக்குரியது. அங்கு ஒருவரின் மறுப்பு பயிரைக் காப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகளைச் சாலைக்குத் திருப்பி அனுப்புகிறது.

அதனினும் முதன்மையானது செலவைப் பற்றிய கேள்வி. பொதுமக்கள் பெறும் நன்மைக்கு உழவர் மட்டும் விலை கொடுப்பது முறையாகாது. புதிதாக ஒரு வழி மிதிவண்டிக்குத் திறக்கப்பட்டால், மரப்படிகளை அகற்றித் தானே மூடிக்கொள்ளும் வாயிற்கதவுகளை அமைப்பதும், தேய்ந்த தடத்துக்குச் சரளை இடுவதும், விழிப்புப் பலகைகள் நடுவதும் பொதுப்பணத்தில் நடைபெற வேண்டும். வழியைத் திறக்க ஆர்வம் காட்டும் மன்றம், பத்து ஆண்டுகள் கழித்து உடைந்த கதவைச் சீராக்கவும் அதே ஆர்வம் காட்ட வேண்டும்.

சிறிது இடங்கொடுத்தால் முழுவதும் பறிபோகும் என உழவர் சிலர் அஞ்சுவர். இன்று மிதிவண்டி, நாளை விசைவண்டி என்பது அவர்கள் கவலை. மின்விசை இணைந்த மிதிவண்டிகள் பெருகிவரும் இக்காலத்தில் அக்கவலையைப் பொருளற்றதென ஒதுக்க இயலாது. எனினும் அக்கவலைக்குத் தீர்வு தெளிவான எல்லையே ஆகும். இன்று எல்லை மங்கிக் கிடப்பதால், தடையை மதிக்காதோர் எல்லா வழிகளிலும் செல்கின்றனர். மதிப்போர் எவ்வழியிலும் செல்லாமல் நிற்கின்றனர். காரணம் விளங்காத தடை மதிப்பை இழக்கும். பயிரின் நடுவே செல்லாதே, பண்ணைச் சாலையில் செல் என்றால் சிறு பிள்ளைக்கும் காரணம் விளங்கும். காரணம் விளங்கிய தடையைக் காக்கக் காவலர் வேண்டியதில்லை.

நம் மண்ணில் இக்கேள்வி

இவ்வழக்கு நமக்கு முற்றிலும் அயலானதன்று. இருபது ஆண்டுப் பயன்பாடு வழியுரிமைக்குச் சான்றாகும் என்னும் கோட்பாடு ஆங்கிலேய ஆட்சிக் காலத்திலேயே இங்கும் வந்து சேர்ந்தது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்கும் பொருந்துவதாக இயற்றப்பட்டது. ஒருவர் தம் நிலத்துக்குச் செல்ல மற்றொருவர் நிலத்தின் வழியே 20 ஆண்டுகள் அமைதியாகவும் வெளிப்படையாகவும் இடையறாமலும் சென்று வந்தால் அவ்வழி அவருக்கு உரிமையாகும் என அது கூறுகிறது. நம் ஊர்ப்புற நிலப் பத்திரங்களில் வழிநடைப் பாத்தியம், தடப் பாத்தியம் என வரும் சொற்கள் இவ்வுரிமையையே குறிக்கின்றன. அவ்வொரு சொல்லுக்காகத் தலைமுறை கடந்தும் வழக்காடும் குடும்பங்கள் உண்டு.

சட்டத்துக்கு முன்பே நம் முன்னோர் நிலத்தை நோக்கியே வழியை வகுத்திருந்தனர். கொங்கு நாட்டில் இருபுறமும் வேலி சூழ்ந்து தோட்டங்களுக்கிடையே செல்லும் வழியை இட்டேரி என்பர். மாடும் வண்டியும் மக்களும் அதில் செல்வர். வேலிக்கு அப்பால் உள்ள பயிர் பாதுகாப்பாக இருக்கும். நெல் விளையும் ஊர்களில் வண்டிப்பாதை வேறு, வரப்பு வேறு. வரப்பு நடப்பதற்கு இடந்தருமேயன்றி நடப்பதற்காக ஏற்பட்டதன்று. வயலில் நீரைத் தேக்குவதற்காக ஏற்பட்டது. நடவுக்கு முன் அதன் பக்கங்களைச் செதுக்கிச் சேறு பூசி உறுதியாக்குவர். ஈர வரப்பின்மேல் மிதிவண்டி உருண்டால் அதன் முகடு பிளந்து, மேல்வயலின் நீர் கீழ்வயலுக்கு வடியும். காலையில் சென்றவருக்கு அது தெரியாது. மாலையில் வந்து பார்க்கும் உழவருக்கே தெரியும்.

மாணவர்களே, பதினோராம் வகுப்பில் அடியெடுத்து வைத்த நும்முள் பலர் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியைப் பெறுவீர்கள். பேருந்துக்குக் காத்திராமல் வேண்டிய நேரத்தில் பள்ளியை அடையும் விடுதலையை அது தரும். குறுக்கு வழியும் கண்ணில் படும். அப்போது ஒரு கணம் தரையைப் பாருங்கள். வண்டித்தடம் பதிந்த கெட்டியான பாதை எனில் தயங்காமல் செல்லுங்கள். நேற்றுப் பூசிய ஈரம் உலராத வரப்பு எனில் இறங்குங்கள்; மிதிவண்டியைத் திருப்பிக்கொண்டு வண்டிப்பாதைக்கு வாருங்கள். அதனால் ஐந்து நிமிடம் கூடுதலாகும். அந்த ஐந்து நிமிடத்தை நீங்கள் தராவிட்டால், யாரோ ஒருவர் மண்வெட்டியோடு வந்து அரை நாளைத் தர வேண்டியிருக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் தோட்டம், வயல் ஆகியவற்றின் ஊடே செல்லும் வழிகளின் வட்டாரப் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, ஒவ்வொன்றும் எவர் எவர் பயன்படுத்துவதற்கு உரியது என எழுதுக.

2. மிதிவண்டியர், உழவர், நடந்து செல்வோர் ஆகிய மூவருள் ஒருவராக உங்களைக் கருதிக்கொண்டு, ஊர் மன்றத்தின் முன் வைக்கும் முறையீடு ஒன்றை எழுதுக. பின்னர் அதற்கு மறுப்பாக மற்றொருவர் கூறுவதையும் நீங்களே எழுதுக.

3. ‘காரணம் விளங்காத தடை மதிப்பை இழக்கும்’ – இக்கூற்றை உங்கள் பள்ளி வளாகத்து நடைமுறை ஒன்றோடு பொருத்தி வகுப்பில் கலந்துரையாடுக.